சேவல் ஒன்று

செக்காலை ரோட்டில்
எவர்சில்வர் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ்.
இருபதாம் தேதி, ஜி.எஸ்.டி. வேலை ஓய்ந்ததும்
கதவை ஒருக்களித்துவிட்டு
என் சொந்தக் கணக்கை எடுக்கிறேன்:
நாற்பது பக்க நோட்டு, பிள்ளையார் சுழி,
கீழே ‘சகாயிங்’ என்று ஒரே ஒரு சொல்.

எட்டாயிரம் ரூபாய்.
முதலில் சிங்கப்பூர், சோலையப்பன் கைக்கு.
அவனிடமிருந்து தாய்லாந்து எல்லையில்
தையல் மெஷின் விற்கிற ஒருவருக்கு.
அதற்கு மேல் பணம் நடப்பதில்லை.
ஒரு ஃபோன் போகும், ஒரு நம்பர் போகும்,
அந்தப் பக்கம் ஏதோ ஒரு கடையில்
கல்லாப்பெட்டி திறக்கும்.
‘ஹுண்டி’ என்றுதான் அங்கே இன்றைக்கும் அதற்குப் பேர்.
நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்
என்பார்கள் அப்பச்சி.
இந்தச் சொல்லைத் திருப்பி அனுப்பவில்லை போல.

சூ மோனை நான் பார்த்ததில்லை.
அவள் அக்காவும் நானும் ஜூரோங்கில் ஒரே மேஜையில்
ஆறு வருஷம் இன்வாய்ஸ் அடித்தோம்.
கணக்கு டீச்சராக இருந்தவள்.
இப்போது ஒரு பழைய ஹோண்டாவின் பின்சீட்டில்
கட்டுத்துணி, உப்புச் சர்க்கரைப் பொட்டலம்,
பாலிதீனில் சுற்றிய நோட்டுக்கட்டு.
வீடு எரிந்தவர்கள் கையில் நேராகக் கொடுக்கிறாள்.
அரிசி மூட்டை என்றால் சாவடியில் பிடிபடும்.
பணம் என்றால் மடித்துக்கொள்ளலாம்.

மொய் வைத்தால் இங்கே மைக்கில் பேர் வரும்,
ஊர் வரும், இன்னார் மகள் என்று வரும்,
நம் வீட்டு விசேஷத்துக்கு அது திரும்பி வரும்.
இதில் வருவது ஒரு மெசேஜ்தான்.

மார்ச் மாதத்து மெசேஜ்:
பெட்ரோல் பதினொரு லிட்டர்.
வண்டி ஓட்டுகிற பையனுக்குச் செருப்பு.
மீதி, ஏழு வீட்டுக்குப் பிரித்தது.
ஏழில் ஒருத்தி, மூன்று பிள்ளைக்காரி, கூரை போனவள்,
சேவல் வாங்கினாளாம்.

சேவல்!
‘பெட்டையாக வாங்கியிருக்கலாமே, முட்டையாவது’
என்று அடித்தேன்.
பதினெட்டு வருஷம் அடுத்தவர் பில்லைச்
சந்தேகப்பட்டே தேய்ந்த விரல்.
அனுப்புமுன் அழித்தேன்.
எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று அங்கே
எவ்வளவு நேரம் காட்டியதோ,
அவளாகவே பதில் போட்டாள்:
ஊர் எரிந்ததிலிருந்து விடிவதே தெரியவில்லை
என்றாளாம் அவள்.

‘உங்க பாட்டையா கணக்குக்குப் பரிகாரமா இது?’
வீட்டுக்காரர் கேட்டார், சாப்பிட்டுக்கொண்டே.
பியாப்பானில் வட்டி கட்ட முடியாத வயலையெல்லாம்
எழுதி வாங்கியவர் பாட்டையா.
பத்திரங்கள் இன்னும் பெட்டகத்தில் இருக்கின்றன,
கறையானும் தொடவில்லை.
இல்லை என்றேன்.
பரிகாரம் என்றால் என்றைக்காவது முடிந்துவிடும்.
ரசம் ஊற்றினேன்.
அவரும் லாபத்தில் மகமை எடுத்துவைத்தவர்தான்.
சாமி அதை எதற்குச் செலவழித்தது என்று
ஒருவரும் கேட்டதில்லை.

ஏப்ரலில் பதினாலு நாள் ஒன்றுமில்லை.
ஒற்றை டிக் ஒற்றை டிக்காகவே நின்றது.
பிறகு வந்தது, துண்டு துண்டாக:
காட்டுக்குள் போய்விட்டோம்.
கீழே பாதையில் ராணுவம்.
சேவல் கூவியது.
சாக்கில் போட்டு இரண்டு ராத்திரி வைத்துப் பார்த்தோம்.
மூன்றாம் நாள் அவளே அறுத்தாள்.
பதினாறு பேர், ஆளுக்குக் கொஞ்சம் குழம்பு.
பெரியவன் மட்டும் தொடவில்லை.

நோட்டை விரித்து வைத்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
உணவு என்று போடலாம். கால்நடை என்றும் போடலாம்.
எந்த ஆடிட்டரும் பார்க்கப்போவதில்லை,
ஆனாலும் கை சும்மா எழுதிவிடுமா.
கீழே கடையில் யாருக்கோ கல்யாணச் சீர்,
குடத்துக்குக் குடம் பேர் வெட்டுகிற மெஷின்
ட்ர்ர்ர் என்று தரைவழியாகக் காலில் ஏறுகிறது.

‘சேவல், ஒன்று’ என்று எழுதினேன்.
எதிரே தொகையைப் போடவில்லை.
சோலையப்பனைக் கூப்பிட்டேன்:
‘இந்த மாசம் பத்தாயிரமா அனுப்பு.
ஆமா, அவளுக்கேதான்.
எதுக்குன்னெல்லாம் எழுத வேண்டாம்.’