கதவுக்காரன்

அறுபது ஆட்டங்கள்.
ஐம்பத்தொன்பதில் என் வேலை
கதவைத் திறப்பது.

நாற்பது நொடிக்கொரு தரம்
மூச்சிரைக்க வந்து மோதுவார்கள்.
தாழ்ப்பாளை நீக்கி ஒதுங்குவேன்.
மூவர் உள்ளே, மூவர் வெளியே.
அந்தத் தாழ்ப்பாளின் குணம் எனக்கு அத்துப்படி:
அக்டோபரில் சொன்னபடி கேட்கும்,
ஜனவரியில் முரண்டு பிடிக்கும்,
இடது முழங்கையால் லேசாகத் தூக்கிவிட்டால்
சத்தமில்லாமல் வழிவிடும்.

வலைக்கு முன்னால் வசிலிஷின்.
நல்லவன், அதுதான் சிக்கல்.
பக் அவன் கையுறையைத் தேடி வந்து அடையும்,
தானியக் கிடங்குக்குள் புறா நுழைவதுபோல.

என்னைத் தங்கவைத்த டெர்க்சன் அம்மாள்
"இன்று ஆடினாயா?" என்பாள் ஒவ்வோர் இரவும்.
டிசம்பருக்குப் பிறகு
"சாலை எப்படி இருந்தது?" என்று மாற்றிக்கொண்டாள்.
சூப் மட்டும் அதே சூட்டில்.

சாலை எப்படி இருந்தது?
மைனஸ் முப்பத்தெட்டு.
பஸ்ஸில் பின்பாதிக்குத்தான் ஹீட்டர்.
முன்பாதியில் பதினாறு வயதுப் பையன்கள்
போர்வைக்குள் வேதியியல் படித்தார்கள்.
ஒருநாள் மான் குறுக்கே வந்தது.
இறங்கி நின்றோம், இருபத்திரண்டு பேர்,
ஏழு கோல் வாங்கித் தோற்ற இரவில்கூட
அப்படி வாயடைத்து நின்றதில்லை.
டிரைவர் ஆர்லோ உடைந்த விளக்கை ஒட்டினார்,
மட்டைக்குச் சுற்றும் அதே கறுப்பு டேப்பால்.

பிப்ரவரி, சொந்த ஊர், நான்குக்கு ஒன்று.
வசிலிஷின் தொடையைப் பிடித்துச் சரிந்தான்.
கோச் என் பெயரைச் சொல்லவில்லை,
தாடையை அசைத்தார்.

பதினொரு நிமிடம்.
ஆறு பக்.
ஐந்தைத் தடுத்தேன், ஆறாவது காலிடுக்கில்.
அதெல்லாம் அப்புறம் வீடியோவில் பார்த்தது.
அங்கே நின்றபோது என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று:
யாரோ கதவைத் தப்பாகத் திறக்கிறார்கள்.
தாமதமாக. தடாலென்று.

ஒரு புள்ளியில் ப்ளேஆஃப் போயிற்று.
எந்த ஆட்டத்தில் போன புள்ளி என்று
ஆளுக்கொரு கணக்கு.
என் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை.
அது நல்லதா என்று இன்னும் புரியவில்லை.

மார்ச் கடைசியில் பையை எடுக்கப் போனேன்.
இருபது முடிந்துவிட்டது,
ஜூனியர் வயது அவ்வளவுதான்.
ஐஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்,
நீலக் கோடு சேறாகிக் கிடந்தது.
தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டேன்.
முழங்கை சூட்சுமத்தை, அடுத்து வருகிறவனுக்காக,
பலகையில் எழுதி வைக்கலாமா என்று யோசித்தேன்.
எழுதவில்லை.
அவனுக்கும் ஐம்பத்தொன்பது ஆட்டம் இருக்குமே.