பரவாயில்ல

தமிழ் எழுபத்தொன்று. ஆங்கிலம் நாற்பத்தெட்டு.
கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும்
ஐம்பதைச் சுற்றியே படுத்துக் கிடந்தன,
வெயில் நேரத்துத் தெருநாய்கள் மாதிரி.
கம்ப்யூட்டர் அறுபத்து மூன்று.
கூட்டினால் முந்நூற்று முப்பத்தெட்டு.

"பரவாயில்ல" என்றாள் அம்மா,
நைட்டிக்குக் கழுத்துப்பட்டி வைத்தபடி,
மிஷினை நிறுத்தாமல்.

எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில்தான் கூட்டம்.
ஹேமவர்ஷினி ஐநூற்று எழுபத்தொன்பது.
வில்லாபுரம் பஸ் ஸ்டாப்பில் அவளுக்கு ஃபிளெக்ஸ்:
மாமன், மச்சான், பங்காளி பதினாறு தலைகள்,
நடுவில் அவள், கொஞ்சம் சின்னதாக.
அழகுமீனா கணக்கில் ஃபெயில்.
அவள் வீட்டுக்கு அத்தைகள் வந்தார்கள், ஆரஞ்சு வந்தது,
மூன்று ராத்திரி யாராவது அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டார்கள்.
எனக்கு ஃபிளெக்ஸும் இல்லை, ஆரஞ்சும் இல்லை.

ஏன் குறைந்தது என்று கேட்டால்
சொல்வதற்கு என்னிடம் கதை கிடையாது.
பரீட்சையன்று காய்ச்சல் வரவில்லை. வீட்டில் சாவு விழவில்லை.
படித்தேன்.
படித்ததில் பாதி நின்றது.

அப்பா மினி பஸ் ஓட்டுகிறார்.
கண்டக்டர் பையனுக்குத் தெரிந்தவர் என்று
கிருபாகரன் வந்தார், சட்டைப்பையில் மூன்று பேனா.
நாலு வழிச் சாலையில் போனால் ஒரு பல்கலைக்கழகம்,
நிகர்நிலை, என்றார்.
எதற்கு நிகர் என்று அப்பா கேட்கவில்லை.
வழவழத்த புத்தகத்தில் ஒரு நீச்சல் குளம்.
எனக்கு நீந்தத் தெரியாது.
ஆனாலும் எல்லோரும் தூங்கியபின்
செல்போன் வெளிச்சத்தில் அந்தப் பக்கத்தைத்தான் பார்த்தேன்.
பொய் சொல்வானேன்,
அந்த நீலம் எனக்கு வேண்டியிருந்தது.

ஐயாயிரம் அட்வான்ஸ் கை மாறிவிட்டது.
மீதி, வருஷத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

அதற்கு முந்தின வாரமே
அரசு பாலிடெக்னிக்குக்குத் தனியாகப் போய் வந்திருந்தேன்.
பிளஸ் டூ முடித்திருந்தால் நேரே இரண்டாம் வருஷம்.
ஒர்க்‌ஷாப்பில் காக்கிச் சட்டை போட்ட ஒருத்தி
லேத்தில் இருந்து சுருள் சுருளாக வந்த இரும்பைக்
கம்பியால் ஒதுக்கிவிட்டாள்,
பூண்டுத் தோல் தள்ளுவது போல அலட்சியமாக.
எனக்குக் கை ஊறியது.
பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை.
அதையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

"பத்திரிகை அடிக்கையில
ஒன் பேருக்குப் பக்கத்துல என்னன்னு போடுறது?"
இது அப்பா.
"டிப்ளமா முடிச்சிட்டு பி.இ. சேரலாம்ப்பா.
அப்ப போடு. அதுக்குள்ள எதுக்குப் பத்திரிகை?"
அம்மாவுக்கு ஒரு நைட்டிக்குப் பதினெட்டு ரூபாய்.
விரல் விட்டு எண்ணாமல்
சும்மா மேலே பார்த்துக்கொண்டிருந்தவள்
"பத்தாயிரம் நைட்டி" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"ஒரு வருஷத்துக்கு."
அப்பா எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.
அது ஏற்கெனவே ஐந்தில்தான் இருந்தது.

காளவாசலில் மொபைல் கடைக்கு மேல் மாடி.
கிருபாகரன் மூவாயிரம் எடுத்துக் கொடுத்தார்.
"ரெண்டு, பிராசஸிங்ல போயிருச்சுண்ணே."
அப்பாவின் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்து
"பரவாயில்ல" என்றேன்.
ரிசல்ட் வந்ததிலிருந்து
ஊரே என்னிடம் சொன்ன வார்த்தை;
என் வாயால் சொன்னது அன்றைக்குத்தான்.
ஊறின புளியங்கொட்டை மாதிரி
நாக்கில் கொஞ்ச நேரம் கிடந்தது.
சரியான முடிவா என்று கேட்காதீர்கள்.
ஹேமவர்ஷினியைக் கேளுங்கள், அவளுக்கு எல்லா விடையும் தெரியும்.

கீழே டிவிஎஸ் சீட் கொதித்துக் கிடந்தது.
அப்பா நோட்டுகளை இரண்டாம் தடவை எண்ணி மடித்து,
அந்த வழவழத்த புத்தகத்தை
நடுவில் விரித்துப் பின்சீட்டில் போட்டு
"ஏறு" என்றார்.

நீச்சல் குளத்தின் மேல் உட்கார்ந்து போனேன்.
பழங்காநத்தம் வரைக்கும் சூடு தெரியவில்லை.
அப்புறம் தெரிந்தது.