நாற்பத்தொன்று

முந்நூறு சிடி வந்து இறங்கின, இரண்டு அட்டைப்பெட்டியில்.
கூடவே ஒரு கத்தைப் படிவம்:
வாங்குபவர் வயது, ஆணா பெண்ணா, மாத வருமானம்,
எதனால் வாங்கினார்.
சென்னையில் யாரோ உட்கார்ந்து
அளவெடுத்துக் கட்டம் போட்டிருக்கிறார்.
செக்காலை ரோட்டில் என் கடையே
ஆறடிக்கு எட்டடிக் கட்டம்தான்.

அடைக்கலராஜ் புதுவயல் பையன்.
அப்பா ரைஸ்மில்லில் தவிட்டு மூட்டை தைக்கிறவர்.
டிவியில் இருபத்தொரு வாரம் பாடினான்.
கடைசி நாலு வாரம்
பத்து ரூபாய் ரீசார்ஜ் கூப்பன் தீர்ந்துபோய்
தேவகோட்டையில் கைமாற்று வாங்கி விற்றேன்.
ஒரு ஓட்டு மூன்று ரூபாய்.
காலேஜ் பையன்கள் ஆளுக்கு மூன்று சிம் மாற்றி
கட்டைவிரல் காய்க்க அனுப்பினார்கள்.
இரண்டாம் இடம்தான் கிடைத்தது.
இருந்தாலும் ஐந்து விளக்கில்
ராத்திரி ஒரு மணிவரை வெடி.

சிடி வந்த மறுநாள் அதே பையன்கள் வந்தார்கள்.
உறையைத் திருப்பிப் பார்த்தார்கள்,
அவன் முகத்தைத் தடவினார்கள்.
"அண்ணே, மெமரி கார்டுல ஏத்திக் குடுங்க."
ஏற்றிக் கொடுத்தேன். பத்து ரூபாய்.
அந்த மாதம் இருநூற்றுச் சொச்சம் கார்டு.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
இருந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

முதல் சிடி வாங்கியவர் நெல் லாரி ஓட்டுபவர்.
வயசு என்ன என்றேன்.
"லாரிக்கா, எனக்கா?"
இரண்டுக்கும் சேர்த்து ஒரே எண்ணைப் போட்டேன்.

ஜாக்கெட் தைக்கும் ரஹ்மத்துன்னிசா
லைனிங் துணிக்குள் செருகி எடுத்துப்போனார்.
"ஆம்பளை, பதினெட்டுன்னு எழுதிக்கங்க."
அப்படியே எழுதினேன்.
கம்பெனிக்காரன் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருப்பான்
காரைக்குடியில் தன்னிடம்
ஒரு பதினெட்டு வயது இருப்பதாக.

கானாடுகாத்தான் ஓட்டலில் படுக்கை விரிக்கும் பெண்ணுக்கு
அட்டைப் படம் மட்டும் போதுமாம்.
"பாட்டு வேணாம், வீட்டுல பெட்டி இல்ல."
சிடியை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.
இது விற்றதில் சேருமா?
சேர்த்தேன்.

தவிட்டு மில்லில் ஆறு பேர் காசு போட்டு
ஆறு வாங்கினார்கள். ஒருவரும் வயது சொல்லவில்லை.
அப்பா மட்டும் வரவில்லை.

பிறகு விலையைக் குறைத்தேன். ஐந்து ரூபாய்.
குன்றக்குடிப் பக்கத்து ஆள் ஒருத்தர்
மொத்தமாகப் பதினொன்று கேட்டார்.
சந்தோஷத்தில் 'தீவிர ரசிகர்' என்று எழுதிவிட்டு
எதனாலங்க என்றேன்.
"கடலைக் கொல்லைல மயில் எறங்குது.
முருகன் வண்டியக் கல்லால அடிக்க முடியுமா?
இது மினுக்குனா ஒதுங்கிப் போகுது."
வருமானம்?
"அத மழைகிட்டக் கேளுங்க."

போன மாதம் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன்.
கயிற்றில் பதினொன்றும் சுழன்றுகொண்டிருந்தன,
ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் அடைக்கலராஜ்.
மயில் ஒதுங்கவில்லை.
கயிற்றுக்குக் கீழே நின்று
கடலையைக் கிளறிக்கொண்டிருந்தது.

மீதி ஆட்கள் நினைவில் இல்லை.
கூட்டினால் நாற்பத்தொன்று.

நேற்று ஷட்டர் பாதி இறக்கியபோது
ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருத்தன் குனிந்து வந்தான்.
தொண்டையைச் செருமிய விதத்திலேயே தெரிந்துவிட்டது.
"எத்தனைண்ணே?"
சொன்னேன்.
"ஓட்டு ஒம்பது லட்சம் வந்துச்சுன்னாங்க," என்றான்,
வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல.

பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினேன்.
வேண்டாமாம். வீட்டில் போட்டுக் கேட்க எதுவுமில்லை.
போனைக் கொடுத்தான், மூலையில் கண்ணாடி விரிசல்.
"இதுல ஏத்திக் குடுங்க. எங்கிட்ட ஒரு காப்பிகூட இல்ல."

ஏற ஏழு நிமிடம் ஆனது.
இருவரும் அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்திருந்தோம்.
முடிந்ததும் பத்து ரூபாய் நீட்டினான்.
கை பழகிய கை.
வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டது.