களைந்த அரிசி

பத்தாம் தேதி பேப்பர். ஆங்கிலச் சட்டம்.
மேல்கோர்ட் சொன்னால் கீழ்க்கோர்ட் கேட்கும்,
அதுவரை புரிந்தது.
தீர்ப்பில் எந்த வரி கட்டும், எது கட்டாது
என்ற பக்கத்தில்தான் மூன்று ராத்திரி தூங்கிப்போனேன்.

சத்துவாச்சாரி, சம்பங்கி மெஸ்.
போன வருஷம் நிலோபருக்கு
நோன்பு மாசத்துப் பகல் சாப்பாட்டைக் கழித்திருந்தார்,
நோட்டில், நீல மையில்.
அதைக் காட்டி என் நாலு நாளைக் கேட்டேன்:
ஆரணியில் அக்காவுக்கு வளைகாப்பு.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்.
"அந்தப் பொண்ணு முன்னாடியே சொல்லிச்சி, அரிசி களையல.
நீ சொல்லாம போன. களைஞ்சது களைஞ்சதுதான்."
ஈரக்கையைத் துடைத்தபடியே,
"பரீட்சைக்குப் போற புள்ள பசியோட போவக் கூடாது."

முதலில் சொன்னது தீர்ப்பின் காரணம்.
இரண்டாவது
போகிற போக்கில் சொன்னது, யாரையும் கட்டாது.
புத்தகத்தில் அடிக்கோடு போட்டேன்.

பத்தாம் தேதி விடிகாலை நாலு மணி.
காட்பாடி ரயிலுக்கு ஓடும்போது
மெஸ்ஸில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.
இலையில் மடித்து நாலு இட்லி, வாயே திறக்கவில்லை மனுஷர்.

மாசக் கடைசியில் நோட்டைப் புரட்டினேன்.
பத்துக்கு நேரே ஒன்றுமில்லை.
செலவு உண்டு, பதிவு இல்லை.
அடுத்த வருஷம் வருகிறவள்
எதைக் காட்டிக் கேட்பாள்?

அவர் சாம்பார் வாளியோடு திரும்புவதற்குள்
பென்சிலால் எழுதினேன்:
இட்லி, நாலு.