உன் அழகான

உறைபனி பிடித்த கார்க் கண்ணாடியில்
விரலால் எழுதிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான் டெஸ்மண்ட்:
யுவர் பியூட்டிஃபுல்.

'நீ அழகு' என்றுதான் சொல்ல வந்தான்.
ஒரு குறியும் ஓர் எழுத்தும் உதிர்ந்ததில்
'உன் அழகான' என்று அந்தரத்தில் நிற்கிறது.

உன் அழகான என்ன?
மூக்கா? வங்கிக் கடனா?

கடல் ஏற்றவற்ற அட்டவணைக்கு மெய்ப்புப் பார்க்கும் க்ளெனிஸுக்குச்
சோற்றில் கல் கடித்த முகம்.
பதினொரு வருஷமாய், பிறந்தநாள் அட்டைதோறும்
இதே கல்.
சொன்னால் சிரிப்பான்.

நகத்தால் குறியைப் போட்டாள்.
'ஈ' எழுத இடமில்லை.
இப்போது இன்னும் மோசம்.

ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் படகு ஊதுகிறது.
ஓட்டுகிற பக்கம் மட்டும் சுரண்டிவிட்டு ஏறினாள்.
உள்ளிருந்து பார்த்தால்
எல்லாமே இடவலம் மாறி,
பாலம் ஏறும்வரை அவளாலும்
பிழை எதுவென்று சொல்ல முடியவில்லை.