ஐந்தாம் ஒன்பது

உலான்பாத்தரில் குளிரை
ஒன்பது ஒன்பது நாளாக எண்ணுவோம்.
மூன்றாம் ஒன்பதில் மூன்று வயதுக் காளையின் கொம்பு உறையும்.
நான்காம் ஒன்பதில் நான்கு வயதுக் காளையின் கொம்பு.
ஐந்தாம் ஒன்பதில்
ஆக்கிய சோறு உறையாது.

தம்தின் இந்தக் கணக்கில்தான் பங்கு வாங்குவார்.
ஐந்தாம் ஒன்பது பிறந்ததும்
ட்ராலி பஸ்ஸை டெப்போவில் விட்டுவிட்டு
மீசையில் ஒட்டிய பனியோடு
என் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் வந்து நிற்பார்.
"காஷ்மீர் கம்பளிக் கம்பெனி. இருநூறு."
வேறு பேச்சு கிடையாது.
பதினோரு குளிர்காலம் எழுதிய நோட்டு
உள்சட்டைப் பையில் சூடாக இருக்கும்.
பேனாதான் பாவம், வெளிப்பையில்;
இங்கே வந்துதான் உருகும்.

அட்டையில் கொட்டை எழுத்து:
சோறு உறையாத நாளில் வாங்கு
வெள்ளாட்டை வாரும் நாளில் வில்.
பதினொன்றில் எட்டு முறை பலித்தது.
பலிக்காத மூன்றுக்கும் சிவப்பு மை,
பக்கத்தில் காரணம்:
எல்லைக் கேட் மூடல்.
தேர்தல்.
மூன்றாவதற்கு எதிரே ஒரு டீக்கறை.

நரன்துயா வருவதும் இதே ஜன்னலுக்குத்தான்.
ஆம்புலன்ஸ் நர்ஸ்.
இரவு வேலை முடித்து வந்து வரிசையில்
நின்றபடியே தூங்குவாள்.
வெள்ளை மாதப் பண்டிகைக்கு நாலு நாள் முன்பு
நாற்பது பங்கு விற்பாள், அதே கம்பெனி.
விலை கேட்கமாட்டாள்.
"போகிற விலைக்குப் போகட்டும்."
மாமியாருக்குப் பட்டு எடுக்கணும்.
வாழ்த்த வருகிறவர் கையில் வைக்க
மடிப்பு விழாத புது நோட்டு வேணும்.
பால்கனியில் உறைய வைக்கும் அறுநூறு பூஸுக்கு
மாவு, ஆட்டிறைச்சி, ஒரு மூட்டை வெங்காயம்.
கோடையில் எதையோ மிச்சம் பிடித்து
அதே நாற்பதை
ஏறிய விலையில் திரும்ப வாங்குவாள்.
நஷ்டம் என்று அவள் சொல்லிக் கேட்டதில்லை.
பண்டிகைச் செலவு என்பாள்.

இவளைப் போல எத்தனை பேர் இந்த ஊரில்.
எங்கள் சந்தையோ கையகலம்;
நாலு பேர் தும்மினால்
விலைப் பலகைக்குக் காய்ச்சல்.

இந்த வருஷமும் வந்தார் தம்தின்.
வாங்கினார். இறங்கியது.
மறுநாளும் இறங்கியது.
சாலை கறுத்தது, ஆறாம் ஒன்பது.
மலையுச்சி கறுத்தது, ஏழாம் ஒன்பது.
விலை இன்னும் படியிறங்கிக்கொண்டிருந்தது.
"குளிர் ஒழுங்காத்தானே இருக்கு,
சந்தைக்கு என்ன வந்தது?" என்றார்,
பிள்ளையை விட்டுக்கொடுக்காத தகப்பன் மாதிரி.

என் தலைக்கு மேலேதான் காலண்டர் தொங்கியது.
அவர் எண்ணும் ஒன்பது சூரியனின் கணக்கு.
வெள்ளை மாதம் நிலாவின் பேச்சைக் கேட்பது.
இந்த வருஷம் நிலா தாமதம்.
நரன்துயா இன்னும் விற்கவே வரவில்லை.

சொல்லியிருக்கலாம்.
வாங்கினாலும் விற்றாலும் எனக்குத் தரகு உண்டு;
அது காரணமில்லை என்று
சத்தியம் செய்ய மாட்டேன்.

வெள்ளிக்கிழமை இருவரும் ஒரே வரிசையில்.
சராசரி விலையைக் குறைக்க
அடிமட்டத்தில் ஒரு ஆர்டர் போட்டு வைத்திருந்தார் அவர்,
அது கிடைத்ததா என்று பார்க்க வந்திருந்தார்.
பின்னால் தூங்கி விழுந்தவளைப் பார்த்து
"நீ முன்னால போம்மா" என்று ஒதுங்கினார்.
நாற்பது, போகிற விலைக்கு.
திரையில் மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி,
ஒன்றையொன்று தின்றுவிட்டு மறைந்தன.

"உங்கள் ஆர்டரில் நாற்பது கிடைத்துவிட்டது" என்றேன்.
முகம் மலர்ந்தது. நோட்டைத் திறந்தார்.
பேனா உருகவில்லை, என்னுடையதைக் கொடுத்தேன்.
சிவப்பில்லை, நீலம்தான்.
தேதி, விலை எழுதி
காரணம் என்று போட்டு ஒரு கோடு இழுத்து
ஜன்னலைப் பார்த்தபடி யோசித்தார்.

ஜன்னலுக்கு வெளியே
கறுத்த சாலையைக் கடந்துகொண்டிருந்தாள் அவள்,
துணிக்கடைப் பக்கமாக.

பேனாவை
அவர் இன்னும் திருப்பித் தரவில்லை.