படம் வரும், குரல் வராது

பிரிந்தபோது தொலைக்காட்சி ரெனானோடு போயிற்று.
தவணை அவன் பெயரில்.
விளையாட்டுப் பெட்டி எனக்கு.
அதற்குள் ஒரு தட்டு சிக்கிக் கிடந்தது.
அதைப் பற்றி இருவருமே பேச்செடுக்கவில்லை.

புந்தா அரீனாஸில் ஜூன் மாதம்
காலை பத்து மணிக்குத்தான் வெயில் என்று ஒன்று
வந்து எட்டிப் பார்க்கும்.
மாலை ஐந்தரைக்குள் கடையைக் கட்டிவிடும்.
மிச்ச நேரமெல்லாம் காற்று,
கொடுத்த கடனைக் கேட்பவன் மாதிரி
தகரக் கூரையைப் பிடித்து உலுக்கும்.

நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில்
கழித்துக் கட்டிய கணினித் திரை ஒன்றை
மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்தேன்.
ஓரத்தில் ஒட்டுத்தாள்,
சுரண்டியும் போகவில்லை:
'வாயைத் திறந்தே வைத்திருக்கவும்.'

பெட்டியின் முதுகில் தட்டையாய் ஒரு வாய்.
திரையின் முதுகில் நீல நிறத்தில்
மூன்று வரிசையாய்ப் பதினைந்து துளை.
ஒன்று எண்களில் பேசும்,
மற்றதற்கு அலைதான் புரியும்.
மேசைமேல் எதிரெதிரே வைத்தேன்.
சண்டை போட்ட சம்பந்திகள்போல
உட்கார்ந்திருந்தன.

வரியில்லாக் கடைகளின் வளாகத்தில்
யாஸ்னா, கையுறையைக் கழற்றாமலே,
விரல் நீளக் கறுப்புத் துண்டு ஒன்றை நீட்டினாள்.
ஆறாயிரம் பெசோ.
"படம் வரும், குரல் வராது.
நீலத் துளைக்குக் காது கிடையாது."
மலிவாய் இன்னொன்றும் தொங்கியது.
"அது வெறும் பிளாஸ்டிக்.
வடிவம்தான் மாறும், உள்ளே ஒன்றும் நடக்காது."

வீட்டில் செருகினேன்.
'சிக்னல் இல்லை' என்று ஒரு சிறு கட்டம்
மூலைக்கு மூலை முட்டித் திரிந்தது.
துண்டுக்கு ஒரு வால் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.
அதற்கும் மின்சாரம் வேண்டுமாம்.
பெட்டியின் யுஎஸ்பி துளையிலேயே கடன் வாங்கிக் கொடுத்தேன்.
இப்போது திரை சொன்னது:
'எல்லைக்கு வெளியே.'

சிரித்துவிட்டேன்.
தலைநகரில் இந்த ஊரைப் பற்றிச் சொல்வதும்
அதேதான்.

விஷயம் இதுதான்: பெட்டி இன்னும்
அவன் சுவரின் அகலத்துக்கே
படம் அனுப்பிக்கொண்டிருந்தது.
அணைத்தேன். பொத்தானை அழுத்தி
விடாமல் பிடித்துக்கொண்டேன்.
ஒரு பீப்.
இன்னும் விடவில்லை.
ஐந்தாறு நொடியில் மறுபடி ஒரு பீப்.
மறக்க அதற்கு அவ்வளவு போதும்.

வந்தது படம்.
சதுரத்துக்குள் அடைபட்டு எல்லோரும் ஒல்லியாய், நெட்டையாய்.
மலைப்பாதையில் லாரிகள்
அலமாரிகள்போல நின்றுகொண்டே ஓடின.
சத்தமில்லாமல் மழை.
சத்தமில்லாமல் பள்ளத்தில் உருண்டேன்.
நாலாம் நாள் கவனித்தேன்,
வளைவுகளில் நானே வாயால்
எஞ்சினை உறுமிக்கொண்டிருந்தேன்.
மேல்வீட்டு எலியானா தரையைத் தட்டினாள்.

குரலுக்கு வேறு வழி உண்டு.
பெட்டியின் பழைய வாசலிலிருந்து
சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு ஒயர்.
அந்த ஒயர் தொலைக்காட்சியின் முதுகிலேயே
தொங்கியபடி அவனோடு போயிருந்தது.

ஏழு வாரத்தில் முதல் செய்தி:
'சிவப்பு வெள்ளை ஒயர் உன்னிடமா?'
பதினோரு நிமிடம்.
பிறகு ஒரு புகைப்படம் வந்தது:
தூசி, சுவர், ஒயர்,
ஓரத்தில் அவன் கட்டைவிரல்.

ஞாயிறன்று வந்தான்.
உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.
காற்றுதான் கதவை அகலத் தள்ளிப் பிடித்தது.
வாசலில் நின்றே திரையைப் பார்த்தான்.
"நெட்டையாய்த் தெரிகிறதே."
"பழகிவிட்டது."
"அந்தத் தட்டு?"
"உள்ளேதான்."
தலையாட்டினான். ஒயரைச் சுருட்டி
ரப்பர் வளையம் போட்டிருந்தான்.
அவனுக்கு அந்த வழக்கம் கிடையாது.

சமையலறை வானொலியின் பின்னால் மாட்டினேன்.
குரலைப் பழைய வாசல் வழி விடச் சொல்லி
அமைப்புக்குள் போய் மாற்றினேன்.
மழை கேட்டது.
உண்மையில் கூரைமேலும் அப்போது மழைதான்,
எது எதென்று கொஞ்சநேரம் தெரியவில்லை.

பிறகு ஒரு லாரி என்னை
வலப்பக்கமாய் முந்திக்கொண்டு போக
இடக்காதில் ஹாரன் அடித்தது.
சிவப்பும் வெள்ளையும் இடம் மாறியிருக்கின்றன.
எழுந்து போய் மாற்றிச் செருகினால் ஆயிற்று.

மாத்தே ஆறிக்கொண்டிருந்தது.
இன்னும் மூன்று சுற்று பாக்கி.
இடப்பக்கம் ஹாரன் கேட்டால்
வலப்பக்கம் ஒதுங்கக் கூடாது,
அவ்வளவுதானே.